டின் மீன்: அப்படியே சாப்பிடுவதா, அடுப்பில் ஏற்றுவதா?

டின் மீன் பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். திறந்த கையோடு தட்டில் வைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு பக்கம். எந்த டின்னைத் திறந்தாலும் வெங்காயம் நறுக்கி வாணலியை ஏற்றுபவர்கள் மறுபக்கம். என்னைக் கேட்டால், இந்த வழக்குக்குத் தீர்ப்பு மீனிடம் இல்லை. அது எதில் ஊறிக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது: எண்ணெயிலா, தக்காளிச் சாற்றிலா, உப்புநீரிலா?

டின்னுக்குள் இருப்பது ஏற்கெனவே நன்றாக வெந்த மீன். மூடியை அடைத்த பிறகு, அழுத்தத்தில் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். மத்தியின் முள் வாயில் பட்டதும் பொடிந்துபோவது அதனால்தான். அந்த முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள். முள்ளோடு சாப்பிட்டால் 100 கிராம் டின் மத்தியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். சரி, வெந்ததை மறுபடி எதற்கு வேகவைக்க வேண்டும்? சூடாக்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் அடுப்பில் கிடந்தால் சதை வறண்டு போகும், வாடையும் தூக்கலாகும்.

ஆலிவ் எண்ணெயில் அடைத்த மத்தி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்சியில் சேர்ந்துவிடுவேன். 1820-களில் பிரான்ஸின் நாந்த் நகரில் ஜோசப் கொலின் மத்தியை எண்ணெயிலிட்டு டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார். (டின் திறப்பான் வந்ததோ 1850-களில்! அதுவரை உளியும் சுத்தியலும்தான்.) இன்றும் சில பிரெஞ்சு நிறுவனங்கள் மீன் பிடிபட்ட ஆண்டைப் பெட்டியில் அச்சிடுகின்றன. அதை வாங்கி வருடக்கணக்கில் வைத்திருந்து, எண்ணெய் சதைக்குள் ஏறிய பிறகு திறக்கும் ரசிகர்கள் உண்டு. அப்படி ஊறிய மீனை வெங்காயத்தோடு வதக்குவது கொடுமை.

இதற்கு வேண்டியது முறுகலாக வாட்டிய பிரெட். மீனை மசிக்காமல் முழுசாக வைத்து, டின் எண்ணெயையே மேலே சொட்டவிட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினால் போதும். எலுமிச்சை வெறும் புளிப்புக்காக அல்ல. மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் அமிலத்தோடு சேர்ந்ததும் காற்றில் பறக்காத உப்பாக மாறிவிடுகின்றன. மூக்குக்கு எட்டுவது குறைகிறது. வினிகரில் ஊறிய வெங்காயமும் இதே வேலையைச் செய்யும். டின்னை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நேராக எடுத்துத் திறக்காதீர்கள். குளிரில் ஆலிவ் எண்ணெய் கட்டிதட்டும், ருசியும் மந்தமாகிவிடும்.

தக்காளிச் சாற்று டின்னுக்கு இதே மரியாதை பொருந்தாது. ஆறிய நிலையில் அந்தச் சாறு ஒரு மாதிரி இனிப்பும் புளிப்புமாக நாக்கில் ஒட்டும். இது அடுப்புக்கென்றே பிறந்தது. பூண்டு, வெங்காயம், மிளகாயை வதக்கி, முதலில் சாற்றை மட்டும் ஊற்றிச் சுண்டவிட்டு, மீனைக் கடைசியில் சேர்த்து இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். சோறோ பாஸ்தாவோ, எதோடும் போகும். தோல் மொறுமொறுப்பாகும் என்று வறுக்கப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆகாது, சட்டியில் ஒட்டிப் பிய்ந்துதான் போகும். மொறுமொறுப்பு வேண்டுமென்றால் பிரெட் தூளை எண்ணெயில் வறுத்து மேலே தூவுங்கள். அப்புறம், டின்னையே அடுப்பில் வைப்பது வேண்டாம்; உள்ளே இருக்கும் பூச்சு நெருப்புக்கானது அல்ல.

மூன்றாவது கட்சி, மசிப்பவர்கள். உப்புநீர் டின்னுக்கு இவர்கள்தான் சரி. அதை அப்படியே வைத்தால் சப்பென்று இருக்கும். வெண்ணெயோ மயோனைஸோ சேர்ந்தால்தான் உயிர் வரும். என் ஓட்டு கானாங்கெளுத்திக்கு: மீனில் பாதி எடைக்கு வெண்ணெய், எலுமிச்சை, நிறைய மிளகு, கொஞ்சம் கடுகு விழுது. முள்கரண்டியால் கொரகொரப்பாக மசித்தால் போதும், மிக்ஸி வேண்டாம். மீன் என்றாலே முகம் சுளிப்பவர்களைக் கூட இது வழிக்குக் கொண்டுவரும்.

சத்துக் கணக்கில் உப்புநீருக்கு ஒரு சாதகம் உண்டு. மீனின் கொழுப்பு நீரில் கரையாது. அதனால் நீரை வடித்துக் கொட்டினாலும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு பெரும்பாலும் மீனிலேயே நிற்கும். எண்ணெய் டின்னில் அது சுற்றியுள்ள எண்ணெயிலும் கலந்துவிடும். அந்த எண்ணெயைக் கொட்டினால் ருசியோடு சத்திலும் ஒரு பங்கு போகும். வெந்த உருளைக்கிழங்கில் ஊற்றிப் பிரட்டினால் இரண்டும் மிஞ்சும்.

நெத்திலியும் சூரையும் இந்தப் போட்டியில் இல்லை. டின் நெத்திலி பெரும்பாலும் உப்பில் பதப்படுத்தியது. மற்றவை போல உயர் வெப்பத்தில் வேகாதது, அதனால் திறக்கும் முன்பே குளிரில் இருக்க வேண்டியது. சூடான எண்ணெயில் இரண்டு துண்டு போட்டால் கரைந்து குழம்புக்கோ சாஸுக்கோ அடி ருசி தரும். தனியாகத் தட்டு நிறையச் சாப்பிட முடியாது. சூரையோ, மத்தி, கானாங்கெளுத்தி போல சதையிலேயே கொழுப்பு மிகுந்த மீன் அல்ல; பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை அதை அந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மிச்சம் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மூன்றாவது கட்சியில் சேர்வதே நல்லது. திறந்த மீனைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். வெண்ணெயோடு மசித்தது மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பிரெட் மேல் வைத்தது அரை மணியில் சொதசொதத்துவிடும். சமைத்ததை மறுபடி சூடாக்கினால் வாடை அடுத்த அறை வரை போகும்.