பட்டர்மில்க்கா, ஹேப்பியா?

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள பிஷப் நகருக்குக் கயிறில்லாமல் பாறை ஏறப் போகிறவர்கள் முதல் நாளே இந்தக் கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். இரண்டும் பாறைகள் குவிந்த இடங்கள், நகருக்குப் பக்கம்தான்; கல் மட்டும் வேறு வேறு சாதி.

பட்டர்மில்க்கில், சியரா நெவாடா மலையடிவாரத்தில், கருங்கல் இனத்து உருண்டைப் பாறைகள் வீட்டளவுக்கு நிற்கின்றன. பிடிகள் சின்னவை. கல்லின் சொரசொரப்பு விரல் நுனித் தோலை உரித்துவிடும். மூன்றாம் நாள் காப்பிக் கோப்பையின் சூடே சுரீரென்று உறைக்கும். கிராண்ட்பா பீபாடி பாறையில் 2009இல் கெவின் ஜார்ஜசன் ஏறிய ‘அம்ப்ரோசியா’ தடம் ஏறத்தாழ நான்கு மாடி உயரம். அங்கே கீழே விரிக்கும் மெத்தை மன ஆறுதலுக்குத்தான்!

ஹேப்பி பாறைகள் ஏறத்தாழ 7,60,000 ஆண்டுகளுக்கு முன் லாங் வேலி எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உருவானவை. எங்கும் குழிகள், சிலவற்றில் கையே நுழையும். பள்ளத்துக்குள் ஒதுங்கியிருப்பதால் காற்று குறைவு, குளிர்காலத்திலும் வெயில் காயலாம். ஆனால் மழை பெய்தால் கல் காயும்வரை தொடக்கூடாது: ஈரத்தில் பிடி உடைந்து கையோடு வந்துவிடும்.

படம் எடுக்கப் பட்டர்மில்க். ஏறிப் பழக, சந்தேகமே இல்லாமல், ஹேப்பி.