ஜாமான டிஸ்கவரும் அனுராதபுரச் சந்திக் கராஜும்

நிலாவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு நாள்தோறும் நான் வேலைக்கு வந்துபோகும் பஜாஜ் டிஸ்கவர் 125 மோட்டார் சைக்கிள், சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டியதும் என்ஜின் இறுகி ஜாமாகி நின்றுவிட்டது. சில வாரங்களாகவே சைலன்சரில் நீலப் புகை வந்ததைக் கண்டும் ஒயில் பார்க்காமல் ஓடியவன் நான். வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் காட்டிய இடத்தில், என்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல், பழைய வண்டியொன்றில் கழற்றிய என்ஜினைப் பூட்டலாம், இல்லையேல் இதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கலாம் என்றார்கள். என்ஜின் மாறினால் பதிவுச் சான்றிதழிலுள்ள என்ஜின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும் என்பதை அவர்கள் பேச்சுக்கும் எடுக்கவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கிவிட்டாலும், வரிகளோடு சேர்ந்த புதிய வண்டியின் விலை என் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு லீசிங் இல்லாமல் எட்டாது.

பிறகு அனுராதபுரச் சந்திப் பக்கமுள்ள ஒரு சிறிய கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த மெக்கானிக் விலை எதுவும் சொல்லாமல் முதலில் ஒயிலை வடித்தார். ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட வரவில்லை. சிலிண்டரைக் கழற்றி என் கையில் தந்து, “தம்பி, உள்ளுக்கு நகத்தால ஒருக்கா தடவிப் பாருங்கோ” என்றார். நகம் இரண்டு இடங்களில் தடுக்கியது. அப்படித் தடுக்கும் கீறல் இருக்கும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புகை திரும்பி வரும் என்றும், சிலிண்டரின் உட்புறத்தைச் சற்று அகலமாகக் கடைந்து, அதாவது போர் (bore) செய்து, 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றும் விளக்கினார். அடுத்து, பிஸ்டனின் அசைவைக் கீழேயுள்ள கிராங்க் தண்டுக்குக் கொண்டுபோகும் கனெக்டிங் ரொட்டைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துக் காட்டினார், ஆட்டமே இல்லை. அங்கே ஆட்டம் இருந்திருந்தால் என்ஜின் கேஸைப் பிரித்து கிராங்கிலும் கைவைக்க வேண்டும், அப்போது இந்த வண்டிக்குச் செலவழிக்கச் சொல்லவே மாட்டேன் என்றார். எனது முடிவு அந்த ஓர் இழுப்பிலேயே ஆகிவிட்டது. எயார் ஃபில்டரின் கிழிசல் வழியே நிலாவெளி வீதி மணல் உள்ளே போயிருந்ததையும் அவரே கண்டுபிடித்தார். நானாக இருந்தால் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

குறையும் உண்டு. போர் வேலை வெளியே ஒரு லேத் பட்டறையில் நடப்பதால், நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்பதாம் நாள்தான் கைக்கு வந்தது. இடையில் ஓர் அழைப்புகூட இல்லை. செலவு, இந்த வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கியது. கழற்றிய பிஸ்டனையும் ரிங்குகளையும் கேட்காமலே பையில் போட்டுத் தந்தார்கள்.

முதல் 500 கிலோமீற்றரை மெதுவாகவே ஓடி முடித்து, நேற்று அங்கேயே ஒயில் மாற்றினேன். வடித்த ஒயிலில் மெல்லிய வெள்ளித் தூள் மின்னியதைக் கண்டு பயந்துபோனேன். புது ரிங் படியும்போது அது இயல்பு, அடுத்த தடவையும் இவ்வளவு தெரிந்தால் கொண்டுவாருங்கள் என்றார். புகை இதுவரை இல்லை.