ஹாரோ பக்கம் ஒரு குடும்பப் பல் டாக்டர்: என்.எச்.எஸ். போதுமா, பிரைவேட் வேண்டுமா?

லண்டனில் புது ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் டாக்டர் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதனால் ஹாரோ பக்கம் இந்தக் கிளினிக்கில் குடும்பத்தோடு இடம் கிடைத்ததும் யோசிக்காமல் சேர்ந்துவிட்டோம். 18 வயதுக்குக் கீழே இலவசம். டாக்டரம்மா சின்னவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அவளையே பல்லை எண்ண வைத்தார், அழுகையே இல்லை!

எனக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. அதை அடைப்பது என்.எச்.எஸ். கட்டணத்தில் பேண்ட் 2, அதாவது இரண்டாம் படி, 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி 75.30 பவுண்ட், பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அதிலேயே அடக்கம், ஒரே சிகிச்சையில் இரண்டு பல்லை அடைத்தாலும் அதே காசுதான். வெள்ளை ஃபில்லிங் வேண்டுமென்றால் பிரைவேட் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். கொட்டாவி விட்டால் மட்டும் தெரிகிற இடத்துக்கு அழகு எதற்கு, சாம்பல் நிறமே போதும் என்றேன், சரி என்று முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

குறை என்றால் ரிசெப்ஷன்தான். காலையில் போனை எடுக்கவே மாட்டார்கள், எடுத்தாலும் சாயங்கால நேரமெல்லாம் பிரைவேட்காரர்களுக்குத்தான், நாம் வேலைக்கு லீவு போட வேண்டும். அப்புறம், கிளிப் போடுகிற டாக்டர் இங்கே இல்லை, பெரியவனை வேறு இடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.