தொற்று வந்தால் வீடா, நிலையமா?

மட்டக்களப்பின் நெருக்கமான ஊரான காத்தான்குடியில் ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மதிலுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு சைக்கிள்தான் போகும். கொரோனா போன்ற தொற்று வந்தால் எங்கே தனித்திருப்பது, வீட்டிலா, அரசின் தனிமைப்படுத்தல் நிலையத்திலா?

செலவு: வீட்டில் சாப்பாடும், ஒட்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றரும் நம் கையிலிருந்து. 2020இல் புணானை நிலையத்தில் செலவை அரசு பார்த்தது. நாட்கூலிக்காரருக்கோ இரண்டிலும் உழைப்பு இல்லை.

பாதுகாப்பு: தனி அறையும் தனி மலசலகூடமும் இருந்தால் வீடு போதும். எட்டுப் பேருக்கு ஒரே மலசலகூடம் என்றால் அது பெயரளவுத் தனிமைதான். ஒரே துவாயில் முகம் துடைக்கும் பிள்ளைகளை யார் தடுப்பது?

மனம்: நிலையத்தில் உம்மாவின் கஞ்சி கிடைக்காது.

முதியவரோ நீரிழிவு நோயாளியோ உள்ள நெருக்கமான வீடென்றால் நிலையமே சரி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பெரிய வளவுள்ள படுவான்கரைக்காரர் வீட்டிலேயே இருக்கலாம். ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி.