ஏழு குவேவரை எப்படிக் கட்டுவது? மியூஸ்ஸ்கோருடன் ஆறு வருடம்

கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு வயலினும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன். நம்முடைய பாட்டுகளை மேற்கத்தைய நொட்டேஷனில் எழுதிக் கொடுக்க மியூஸ்ஸ்கோர் பாவிக்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. இலவச மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. அதில் நான் அதிகம் மினக்கெட்டது பீமுக்குத்தான். அதாவது குவேவர் என்ற எட்டிலொரு பங்கு சுரக்குறிகளின் தண்டுகளைச் சேர்த்துக் கட்டும் தடித்த கோடு.

ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பில் ஒரு பாட்டை 7/8 என்று, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாள வட்டத்துக்கு) ஏழு குவேவர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். வயலின் பிள்ளை ஒருத்தி சுரம் பிழைக்காமல் வாசித்தாள், ஆனால் கால் மட்டும் 'தகதிமி தகிட' என்று தட்டியது. தாளமோ 'தகிட தகதிமி'. தாளைப் பார்த்தேன். நாலு குவேவர் ஒரு கட்டு, மூன்று இன்னொரு கட்டு. அவள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் தட்டியிருக்கிறாள். பிழை என்னுடையது.

அன்றிரவே ஒவ்வொரு சுரமாகத் தெரிவு செய்து பீமை உடைத்தேன். அது கூடாத வழி. பிறகு ஒரு இடத்தில் தாள அளவை மாற்றி எழுதினால், புதிதாக வரும் சுரங்கள் பழையபடியே கட்டிக்கொள்ளும்.

சரியான இடம் தாளக்குறியிலேயே இருக்கிறது. 7/8ஐத் தெரிவு செய்து அதன் பண்புகளைத் திறந்தால் குவேவர், செமிகுவேவர் (அரைக் குவேவர்), அதற்கும் சிறியது என மூன்று வரிசை வரும். எந்தச் சுரத்தைச் சொடுக்குகிறோமோ அதற்கு முன்னால் பீம் உடையும். நான் குவேவர் வரிசையில் 4ஆம், 6ஆம் சுரங்களில் உடைக்கிறேன். அப்போது 3+2+2 வரும், மிஸ்ர சாப்பில் கை விழுகிற 1, 4, 6 அப்படியே கண்ணில் படும். செமிகுவேவர் வரிசையையும் மறக்காமல் திருத்துங்கள். அதை விட்டால் வேகமான சங்கதி (ஒரே வரியின் மாற்று வடிவம்) வரும் இடத்தில் பிள்ளை மறுபடி தடுமாறும். ஐந்து எண்ணிக்கையுள்ள கண்ட சாப்புக்கு 5/8ஐ 2+3 ஆக வைக்கிறேன்.

தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டுக்குத் தாளக்குறி மட்டும் போதாது. அங்கே ஓய்வுக்குறியைத் தெரிவு செய்து, பீம் பகுதியில் 'ஜொயின்' கொடுத்தால் கோடு ஓய்வையும் சேர்த்துக் கட்டும். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், எங்கே என்று பிள்ளைக்கு உடனே பிடிபடும். 'ரீகுரூப் ரிதம்ஸ்' என்ற கட்டளை வேறு வேலை. அது சுரங்களையே பிரித்து டை (இணைக்கும் வளைகோடு) போட்டு எழுதிவிடும், பீமுக்காக அதைத் தொடாதீர்கள்.

போன வருடம் கூத்து மெட்டொன்றை எழுதினேன். நடுவில் எட்டு பார் மட்டும் 4+3 ஆகத் திரும்புகிறது. அந்த இடத்தில் இன்னொரு 7/8 போட்டு, கட்டை மாற்றி, 'வி' விசையால் அதை மறைத்தேன். எட்டு பார் முடிந்ததும் பழைய கட்டோடு இன்னொன்று, அதுவும் மறைவாக. தாளில் புதுக்குறி எதுவும் இல்லை, கோடுகள் மட்டும் மாறியிருந்தன. ஒத்திகையில் நான் வாய் திறக்கவில்லை, பிள்ளைகளின் கால் தானாகவே திரும்பியது.