பிக்கப்புக்கு ஸ்பிரிங் பட்டையும் டயரும் மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மண்டபத்தில் பிக்கப் வண்டியில் டிபன் கடை நடத்துகிறேன். பின்னால் இரும்புக் கூண்டு, தூக்கி நிறுத்தும் கூரை, அடுப்பு, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு சிலிண்டர். மீன் லோடு அடிக்கிற வண்டிக்குச் சரக்கை இறக்கினால் பாரம் போய்விடும். என் வண்டிக்கு ராத்திரி பகல் எந்நேரமும் பாரம்தான். பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள்) தாழ்ந்து, பின்பக்கம் அமுங்கியே நின்றது.

ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலா வச்சு, ஹெவி டயர் நாலு மாட்டிடலாம் அண்ணே, கவலையே படாதீங்க" என்றார்கள். 52,000 ரூபாய் கொடுத்தேன். பழைய டயர்களையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். வண்டி திரும்பி வந்தபோது பின்பக்கம் நிமிர்ந்திருந்தது, டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. நம்பிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் தனுஷ்கோடிக்குக் கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் காற்று அடித்ததும் வண்டி இடமும் வலமும் ஆடியது. கூண்டு உயரம், காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். தங்கச்சிமடம் தாண்டியதும் பின்னால் பட் பட்டென்று சத்தம். இடது பின் டயரின் மேல்தோல் ஒரு முழம் நீளத்துக்கு உரிந்து தொங்கியது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் மேல் உரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.

பஞ்சர் கடைத் தம்பி டயரைக் கழற்றி, உள்பக்கத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். நீள்வட்டத்துக்குள் 1517 என்று இருந்தது. 2017இல் 15ஆவது வாரம் செய்த டயர்! இந்தத் தேதி பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் வெளியே நின்று எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. நான்கையும் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய மோசம் ஒன்று. டயரில் அதன் அளவு எழுதியிருக்கும் இடத்தை அடுத்து 100 என்று இருந்தது. அது பாரக் குறியீடு, ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அப்புறம் வே பிரிட்ஜில் (லாரி எடை மேடையில்) பின் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தேன், 1,840 கிலோ. இரண்டு டயரும் சேர்ந்தே 1,600தான் தாங்கும். நான் கொடுத்த பழைய டயரில் 111 இருந்தது, அதாவது 1,090 கிலோ. பணத்தையும் கொடுத்து, நல்ல டயரையும் கொடுத்து, பலம் குறைந்ததை வாங்கி வந்திருக்கிறேன்.

கூடுதலாக வைத்த பட்டையும் புதிதல்ல. பெயிண்டைச் சுரண்டினால் வெல்டிங் தழும்பு, அதன் ஓரத்திலேயே விரிசல். பட்டை பதம் ஏற்றிய இரும்பு. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும், உடைந்ததை ஒட்டி ஓட்டவே கூடாது. பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டும் உப்புக்காற்றில் துருவேறிய பழையதுதான்.

திரும்பப் போய்க் கேட்டால், "ஓவர்லோடு ஏத்துனா நாங்க என்ன பண்றது?" என்கிறார்கள். கூண்டோடு வண்டியைப் பார்த்துத்தானே வேலையை ஒப்புக்கொண்டார்கள்! பில் என்று கொடுத்தது வெறும் வெள்ளைத்தாள், 'ஸ்பிரிங் வேலை, டயர் 4' என்று மட்டும். தயவுசெய்து டயர் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். உரிந்த டயரும் விரிசல் விட்ட பட்டையும் வீட்டில்தான் இருக்கின்றன. யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், காட்டுகிறேன்.