பேரிங்கைச் சூடாக்க: எண்ணெய்ச் சட்டியா, கேஸா, இண்டக்‌ஷன் ஹீட்டரா?

புதுவயல் அரிசி ஆலைகளில் பேரிங் மாற்றப் போனால் மூன்று விதச் சூட்டையும் பார்க்கலாம். 22216 என்ற எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 80 மில்லிமீட்டர். 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குக் கொண்டுபோனால் துளை சுமார் 0.08 மில்லிமீட்டர் விரியும். சுத்தியல் இல்லாமல் ஷாப்டில் ஏற அது போதும். 120ஐத் தாண்டத் தேவையே இல்லை. அங்கே சரியாக நிறுத்துவது எது என்றுதான் நான் பார்ப்பேன்.

கேஸ் டார்ச்சை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். தீ பட்ட இடம் நீலம் பாரித்துவிடும், எதிர்ப்பக்கம் வெதுவெதுப்பாக இருக்கும். நீலம் பாரித்தால் அந்த இரும்பின் கடினம் போயிற்று. அவசரத்துக்கு நானும் ஒருமுறை அப்படிப் போட்டு, அதே பேரிங்கைக் கழற்ற மறுபடி போயிருக்கிறேன். தவிடு பறக்கிற இடத்தில் தீயைத் திறப்பது வேறு வம்பு.

எண்ணெய்ச் சட்டி அப்படியல்ல, சூடு சமமாகப் பரவும். பேரிங் சட்டியின் அடியில் உட்காராமல் கம்பி வலைமேல் இருக்க வேண்டும், எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் கந்தரப்பம் சுடுகிற மாதிரி கண் பக்குவத்தில்தான் பலர் பார்க்கிறார்கள். தண்ணீர் தெளித்து, “சடசடங்குதுண்ணே, எடுத்துரலாம்” என்பார் கூட வரும் தம்பி. தண்ணீருக்கு 110ம் 160ம் ஒன்றுதான். தெர்மாமீட்டர் போடுங்கள். இருபுறமும் மூடிய பேரிங்கை எண்ணெயில் போடவே கூடாது, உள்ளிருக்கும் கிரீஸ் கெட்டுவிடும்.

இண்டக்‌ஷன் ஹீட்டர் ஒரு டிரான்ஸ்பார்மர்தான். பேரிங்கே அதன் ஒற்றைச் சுற்றுச் சுருள். தீ இல்லை, புகை இல்லை, வைத்த டிகிரியில் தானே நிற்கும். மூடிய பேரிங்கையும் 80 டிகிரிக்குள் சூடாக்கலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் சூட்டை அளக்கும் சென்சாரை உள்வளையத்தில் ஒட்டாமல் வெளிவளையத்தில் ஒட்டினால் பலன் போச்சு: உள்ளே முன்னதாகவே சூடேறியிருக்கும், மீட்டர் குறைத்துக் காட்டும்.

நிறுவும்போது எர்த்தைச் சோதியுங்கள். 3.5 கேவிஏ மிஷின் சிங்கிள் பேஸில் 15 ஆம்பியர் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது. பேரிங்கை மாட்டும் இரும்புப் பார்களில், துளைக்குள் நுழைகிறவற்றில் தடிமனானதைப் போடுங்கள், பார் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். மோதிரம், வாட்ச், காப்பைக் கழற்றுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் அந்தப் பக்கமே வரக்கூடாது. முடிந்ததும் காந்தம் இறங்கியதா என்று ஒரு ஜெம் கிளிப்பை வைத்துப் பாருங்கள். மிச்சமிருந்தால் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும்.

ஷாப்டில் ஏற்றியதும் கையை எடுக்காதீர்கள். ஆறும்போது பேரிங் அகலத்திலும் சுருங்கும், ஷாப்டின் தோளிலிருந்து (படிபோல் தடித்த இடம்) விலகி இடைவெளி விழும். ஷாப்டை அது பிடிக்கும்வரை அழுத்தியிருங்கள்.

மாதம் ஒன்றிரண்டு பேரிங் மட்டும் மாற்றுகிற ஆலைக்கு மிஷின் வேண்டாம். தெர்மாமீட்டரோடு எண்ணெய்ச் சட்டி போதும், மூடிய பேரிங்குக்குப் பிரஸ். கழற்றுவதற்கு எப்படியும் புல்லர்தான்.